மூன்று நிமிட நாடகத்தில் என் பங்கு

என் அம்மாவுக்கு நாடகத்தில் முதல் பரிசு வாங்கிக் கொடுத்தது நான்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிற்காமல் பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் அதைச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். அம்மா ஒருமுறைகூட மறுத்ததில்லை.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அம்மாவுக்குச் சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் துப்புரவு வேலை. விடிந்ததும் திருவிடந்தையில் ஷேர் ஆட்டோ பிடித்து, கோவளத்தில் இறங்கி, பஸ் மாறிப் போவாள். ஒருநாள் லிஃப்ட்டுக்குள் ஒட்டச் சொல்லி அவள் கையில் ஒரு நோட்டீசைக் கொடுத்தார்கள். ஒட்டி முடித்தவள் அதை முழுக்கப் படித்துவிட்டாள். நாவலூர்ப் பக்கத்து இளைஞர்கள் சிலர் சேர்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமல்லபுரத்தில் நாடகப் போட்டி வைக்கிறார்கள். நாடகத்துக்கு மூன்றே நிமிடம். மேடையில் ஒரு நாற்காலிதான் இருக்கும். ஒருவர் நடிக்கலாம், மிஞ்சினால் இருவர். நேரம் தாண்டினால் மணி அடிப்பார்கள், இறங்கிவிட வேண்டும். யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம்.

அந்தக் கடைசி வரியை அம்மா அப்படியே நம்பினாள். கீழே இருந்த எண்ணுக்குப் போன் செய்து, "யார் வேணாலும்னா ஹவுஸ்கீப்பிங்ல கீறவங்களும் வர்லாமா?" என்று கேட்டாள். தாராளமாக வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

இதைக் கேட்டு முதலில் சிரித்தவர் மாமா. அம்மாவின் அண்ணன். எங்கள் ஊர்த் திருவிழா நாடகத்தில் இருபது வருடமாக அவர்தான் ராஜா.

"மூணு நிமிசத்துல இன்னாத்த நாடகம்? ராஜா வந்து மீசைய முறுக்கவே அஞ்சு நிமிசம் ஆவும். டீ ஆறதுக்குள்ள முடிஞ்சிடும் தங்கச்சி."

"டீ ஆறதுக்குள்ளதாண்ணா எனுக்கு டைமு கெடைக்குது" என்றாள் அம்மா.

அது உண்மைதான். டீ நேரத்தில்தான் அவள் எழுதினாள். கழிவறைக் கதவில், துடைத்ததற்கு அடையாளமாக மணிக்கொரு தரம் கையெழுத்துப் போடத் தொங்கவிடும் தாள்கள் மாதம் முடிந்தால் குப்பைக்குப் போகும். அவற்றின் பின்பக்கம்தான் அவள் நோட்டு. லிஃப்ட்டில் ஏறி நிற்கும் ஒரு துப்புரவுக்காரி, மாடிக்கு மாடி ஏறி இறங்குகிற ஆட்கள், அவர்களிடம் அவள் மனதுக்குள் பேசுகிற பேச்சு. அவ்வளவுதான் கதை. முதலில் படித்தபோது எட்டு நிமிடம் வந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வது என் உத்தியோகம். தினமும் சாயங்காலம் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொல்லிப் பார்ப்பாள், தினமும் இரண்டு வரி காணாமல் போகும். சூப்பர்வைசரைப் பற்றிய ஓர் இடம் வரும், எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். ஒருநாள் அதுவும் போய்விட்டது.

"அதுதாம்மா நல்லா இருந்துச்சு. ஏன் எட்த்த?"

"நல்லா கீதுன்னுதான் எட்த்தேன். அத்தயே நெனச்சிகினு மத்தத உட்டுடுவாங்க."

கடைசி இடத்தை மட்டும் அவள் எனக்குச் சொல்லிக் காட்டவே இல்லை. அங்கே வந்து பார்த்துக்கொள் என்றுவிட்டாள்.

மாமாவுக்கு வேறொரு பயம். "உன் ஆபீசுக்காரன் எவனாச்சும் வந்து பாத்தான்னு வெச்சிக்க, திங்கக்கெழமை உன்ன உள்ளயே உடமாட்டான்" என்றார். அன்று அம்மா ஒரே குண்டானை இரண்டு தரம் துலக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம். கல்யாண மண்டபம் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் அம்மா என் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். இரண்டாவது வரிசையில் ஒரு கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"பதினோராவது மாடி மேனேஜருண்ணா" என்றாள் மாமாவிடம். நாடகத்தில் வரும் மேனேஜரும் அவரேதான்.

"போதும், வா, வூட்டுக்குப் போயிடலாம்" என்றார் மாமா.

அம்மா சற்று நேரம் அந்த மனிதரின் முதுகையே பார்த்தாள். பிறகு, "அவுரு என்ன ஒருநாளும் நிமுந்து பாத்ததில்லண்ணா. எப்டித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த தரை துடைக்கும் மாப்பை எடுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனாள்.

அதற்கு முன்னால் நடித்தவர்களில் பாதிப் பேரை மணி விழுங்கிவிட்டது. ஒருவர் செத்து விழுவதற்குள் மணி அடித்து, எழுந்து நடந்து போனார். அப்புறம் அம்மா வந்தாள். நாற்காலியைத் தொடவே இல்லை. நடுமேடையில் நின்று, நாக்கால் 'டிங்' என்றாள். லிஃப்ட் வந்துவிட்டது. காதில் பாட்டு மாட்டிய பையன் ஒருவன் ஏறினான். அங்கே யாருமே இல்லை, ஆனால் அம்மா வயிற்றை எக்கி, மாப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்து, ஒரு சாண் இடத்தில் ஒடுங்கியதில் அவன் எவ்வளவு பருமன் என்பதுவரை எல்லோருக்கும் தெரிந்தது. மறுபடி 'டிங்'. இரண்டு பெண்கள் கேண்டீன் சாம்பாரைத் திட்டிக்கொண்டே ஏறினார்கள். "நேத்து நீதானம்மா ரெண்டு வாட்டி வாங்கின" என்றாள் அம்மா, தரையைப் பார்த்து. மண்டபம் சிரித்தது. மேனேஜர் ஏறினார். நம் ஆட்கள்தான் நம் பலம் என்று போனில் சொல்லிக்கொண்டே ஈரத்தில் கால் வைத்தார். "பாத்து சார், பாத்து" என்று அம்மா பதறினாள். அவர் காதில் விழவில்லை. இரண்டாவது வரிசையில் அந்தக் கண்ணாடிக்காரர்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார்.

பிறகு பதினோராவது மாடி. முதல்நாள் வேலைக்கு வந்த ஒரு பெண் ஏறுகிறாள். அம்மா அவள் குரலில் கேட்டாள்: "அக்கா, உங்க பேர் என்ன?"

கேட்டுவிட்டுத் தன் முகத்துக்குத் திரும்பினாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. அம்மா அசையாமல் நின்றாள். கண்மட்டும் எதையோ தேடுவதுபோல அலைந்தது. வசனம் மறந்துவிட்டது. இத்தனை நாள் பாத்திரத்தோடு பாத்திரமாகத் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் சொந்தப் பேரையே மறந்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் போனால் மணி அடித்துவிடுவார்கள். மாமா பிடிப்பதற்குள் நான் பெஞ்சின்மேல் ஏறிவிட்டேன். பள்ளிக்கூட விண்ணப்பத்தில் எழுதுகிறபடியே, முழுசாகக் கத்தினேன்.

"மு. குணசுந்தரி!"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அம்மா திரும்பவில்லை. அந்தக் குரல் லிஃப்ட்டின் கூரையிலிருந்து வந்ததுபோல அண்ணாந்து பார்த்தாள். அவள் முகம் மெல்ல, ஓரத்திலிருந்து விரிந்தது.

"ஆமாம்மா, அதான்" என்றாள் அந்தப் புதுப் பெண்ணிடம். 'டிங்'. முதுகுக்குப் பின்னால் இருந்த மாப்பை முன்னால் கொண்டுவந்து, கொடிக்கம்புபோல நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள். அப்போதும் மணி அடிக்கவில்லை.

கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆனது. மாமா பெஞ்சில் என் பக்கத்திலேயே ஏறி நின்று விசிலடித்தார். ராஜா விசிலடித்து நான் பார்த்தது அன்றுதான். முதல் பரிசு என்று அறிவித்தபோது அவர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். மெய்யான வீராங்கனை நான் என்பது அவருக்காவது தெரிந்ததே என்று எனக்குத் திருப்தி.

மேனேஜர் அம்மாவைத் தேடி வந்தார். "உங்கள எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே" என்றார்.

"லிஃப்ட்டுல சார்."

அவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு, பாடம் ஒப்பிப்பவர்போல, "குணசுந்தரி" என்றார். வேலை போகவில்லை. திங்கட்கிழமை லிஃப்ட்டில் நாலு பேர் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று அம்மா வந்து சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்துச் செங்கல்பட்டில் ஒரு மகளிர் விழாவுக்கு அதே நாடகத்தைக் கேட்டார்கள். கத்துகிற பாப்பாவையும் கூட்டி வாருங்கள் என்றார்கள். நான் புதுப் பாவாடை கேட்டேன். அம்மா பாவாடை தைத்துக் கொடுத்தாள், ஆனால் கத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நம்பிக்கையில்லாமல் என் பக்கத்தில் மாமாவை வேறு உட்கார வைத்தாள்.

பதினோராவது மாடி வந்தது. அந்தப் பெண் பேரைக் கேட்டாள். அம்மா வாயைத் திறந்து, அன்றுபோலவே நின்றுவிட்டாள். மாமாவின் உள்ளங்கை என் வாயை மூடியிருந்தது. அம்மா நின்றுகொண்டே இருந்தாள். 'டிங்'. கதவு திறந்து அந்தப் பெண் இறங்கிப் போய்விட்டாள். அவள் போன திசையை அம்மா பார்த்தாள். விளக்கு அணைந்தது.

யாரும் கைதட்டவில்லை. பிறகு பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள், அடுத்தவள் எழுந்தாள், மண்டபம் முழுக்க எழுந்து நின்று தட்டியது. நிமிர்ந்து பார்த்தால் மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்தில் கோபத்தோடு உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான்.

திரும்பும்போது பஸ்ஸில், விழாவில் போர்த்திய சால்வையை மடியில் வைத்திருந்த அம்மாவிடம் கேட்டேன். "பேரு தெரிஞ்சிகினே ஏம்மா சொல்லல?"

அம்மா சன்னல் காற்றில் கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள். "லிஃப்ட்டுல நிக்கிறவ பேரு இன்னான்னு எனுக்கே தெரியாதுடி."

இரண்டே மாதத்தில் மறுபடியும் மறந்துவிட்டாள். பாவமாக இருந்தது. அடுத்த தடவை மாமா வாயைப் பொத்தினால் கையைக் கடித்துவிட்டாவது கத்திவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.