ரெண்டு தரம் அக்கா

கேபிளை மாட்டியதும் ஒரு இழுப்பு. மூச்சு விட்டு, இன்னொரு இழுப்பு. இரண்டாவது தரம் இழுக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். ஏன் என்று கேட்டால், "கண்ணு பொய் சொல்லும், கை சொல்லாது" என்று சிரிப்பார். எங்கள் கருவி அறையின் பொறுப்பாளர் அவர். ஆட்கள் வைத்த பெயர் ரெண்டு தரம் அக்கா.

பழக்கம் கருவியோடு நிற்கவில்லை. சாப்பாட்டு டப்பாவின் மூடி, குடையின் பிடி, கதவுத் தாழ்ப்பாள், எல்லாவற்றுக்கும் இரண்டு இழுப்பு உண்டு. ஒருமுறை புது நாற்காலி வாங்கிவந்தோம். அக்கா அதன் கையை இழுத்த இழுப்பில் கை தனியே வந்துவிட்டது. "பாத்தீங்களா? உக்காந்திருந்தா விழுந்திருப்பீங்க" என்று அதையும் தன் கணக்கில் வெற்றியாகச் சேர்த்துக்கொண்டார்.

எங்கள் தொழில், இரும்புக் குழாய்களின் பற்றவைப்புக்குள் விரிசல் இருக்கிறதா என்று கதிர்வீச்சால் படம் எடுப்பது. கேமரா என்று சொல்கிறோமே தவிர, அது கனத்த ஒரு பெட்டி. உள்ளே மிளகளவு கதிர்ப் பொருள். தூரத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றினால், கேபிள் அந்த மிளகை ஒரு குழாய் வழியாக வெளியே தள்ளும். திருப்பிச் சுற்றினால் பெட்டிக்குள் இழுத்து வந்துவிடும். கேபிளின் நுனியும் மிளகின் கொக்கியும் ஒன்றையொன்று பிடித்திருக்கிற வரை கவலை இல்லை. பிடி நழுவினால் கேபிள் மட்டும் திரும்பி வரும், மிளகு வெளியிலேயே தங்கிவிடும். அது பக்கத்தில் கிடந்தாலும் சுடாது, நாறாது, சத்தம் போடாது. கதிர்வீச்சை அளக்கும் மீட்டர் ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

எடுத்துவந்த படங்களைப் படிப்பது என் வேலை. என் அறைக்கும் அக்காவின் அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அதனால் அங்கே நடப்பது அத்தனையும் எனக்கு அத்துப்படி. அன்று காலை எங்கள் கேபிள் கைப்பிடிக்குள் இருக்கும் பல்சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. வெளியே ஒரு ஆலை எங்களுக்காகவே மூன்று நாள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. சூப்பர்வைசர் எங்கிருந்தோ இன்னொரு கம்பெனியின் கேபிளை இரவல் வாங்கிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க வந்தார். அக்காவின் மேசைமேல் இருந்த கேமராவில் மாட்டினார். டிக் என்றது.

"கேட்டீங்களா? சத்தமே சொல்லுது, கச்சிதமா உக்காந்துடுச்சுன்னு."

அக்கா அதைக் கழற்றினார். இழுப்பறையிலிருந்து அளவு சரிபார்க்கும் கேஜை எடுத்தார். உள்ளங்கையளவு எஃகுத் தகடு, ஓரத்தில் ஒரு சின்ன வாய். நல்ல கேபிளின் நுனி அந்த வாய்க்குள் நுழையக் கூடாது. இது வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. முடியளவு வித்தியாசம்தான்.

"இது வேண்டாம் சார்."

"போன வாரம் பூரா அவங்க இதுலதாம்மா ஓட்டினாங்க!"

"அவங்க கேமராவுல ஓட்டியிருப்பாங்க சார். இது நம்ம கேமராவுக்குப் பொறந்தது இல்ல."

சூப்பர்வைசருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஆர்டர் கைவிட்டுப் போனால் அது அக்காவின் தலையில்தான், வேலைக்கே வேட்டு வந்தாலும் தான் பொறுப்பில்லை என்று கத்தினார். நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆலைக்காரர்கள் என்னையும் போனில் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். தடுப்பைச் சுற்றிப் போய், "ஒரு நாள்தானே அக்கா, ரெண்டு தரம் இழுத்துப் பாத்துட்டுக் குடுத்துடுங்களேன்" என்றேன்.

அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தார். "அன்னைக்கும் டிக்குன்னுதான் கேட்டுச்சு, தம்பி."

எட்டு வருடத்துக்கு முன்னால் அவர் கணவர் படம் எடுக்கிறவராக இருந்தார். இதே போலொரு அவசர நாளில், சத்தத்தை மட்டும் நம்பி, அக்கா வேறு கம்பெனிக் கேபிளைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மிளகு குழாய்க்குள்ளேயே தங்கிவிட்டது. மீட்டரை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போன கணவர் வெறும் கையால் குழாயைக் கழற்றினார். கதிர் பட்ட புண்ணில் வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போயிற்று. விசாரணையில், "மீட்டர் எடுக்காதது நான்" என்றார் அவர். "கேபிள் குடுத்தது நான்" என்றார் அக்கா. மற்ற வீடுகளில் உன் தப்பு உன் தப்பு என்று சண்டை வரும். இவர்கள் வீட்டில் என் தப்பு என் தப்பு என்று இன்றுவரை நடக்கிறது. அவர் இப்போது எங்கள் வண்டி ஓட்டுநர்.

அந்த நேரம் பார்த்து அவரே உள்ளே வந்தார். சூப்பர்வைசர் அவரைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"எங்க சார் கேக்கறா? வீட்ல உப்பு கம்மின்னு சொன்னாக்கூடக் கேக்க மாட்டா." வண்டிச் சாவியை அக்காவின் மேசைமேல் வைத்தார். "நான் இஞ்சினை அணைச்சிட்டேன்."

பதிவேட்டில் அக்கா 'வழங்கவில்லை' என்று எழுதி, அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார். சூப்பர்வைசர் மேலிடத்துக்குப் புகார் எழுத உட்கார்ந்தார். அன்றைய நாள் வீண்தான். ஆலைக்காரர்களிடம் நான் வாங்கிய வசவைச் சொல்லி மாளாது. ஆனாலும் அதை வாங்கும்போது எனக்கு வெட்கம்தான் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலை எங்கள் கேமராவுக்கான புதுக் கேபிள் வந்தது. கேஜின் வாய் அதை உள்ளே விடவில்லை. மாட்டியதும் டிக் என்றது. ஒரு இழுப்பு. கண்ணை மூடி இன்னொரு இழுப்பு. புகார் என்னவாகும் என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கா அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

கேமரா வண்டியில் ஏறியதும் கணவர் அக்காவின் மேசைக்கு வந்து நின்றார். சின்னப் பொத்தான்களும் கிளிப்புகளும் அந்த விரல்களுக்கு வசப்படாது. அக்கா அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டார். கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜைப் பையில் செருகினார். ஒரு இழுப்பு, இன்னொரு இழுப்பு.

"எல்லாம் இருக்கா?"

"மீட்டர் ரெண்டு இருக்கு. ஒண்ணு மடியிலயே வச்சிருக்கேன், போதுமா?"

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். அக்காவின் மேல்கோட்டில் குத்தியிருந்த பேட்ஜை அந்தக் குட்டை விரல்களால் தடவிப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.