ஹெலனுக்காகப் பன்னிரண்டு வருட ஜெபம்

ஆடுகோடியில் ஒரு தமிழ்ச் சபை. அதன் பெண்கள் ஐக்கிய சங்கம் சனிக்கிழமைதோறும் மூன்று மணிக்குக் கூடிப் பரலோகத்துக்கு வேலை கொடுக்கும். சர்க்கரை இறங்க வேண்டும், மருமகள் பணிய வேண்டும், மாடி வீட்டுக்காரன் காலி செய்ய வேண்டும் என்று ஜெபக் குறிப்பு நீளும். அதில் நாலாவது வரி மட்டும் பன்னிரண்டு வருடமாக மாறவேயில்லை: 'சகோதரி ஹெலனுக்கு நல்ல மாப்பிள்ளை.'

ஹெலன் கோலார் தங்கவயல்காரி. வயது நாற்பத்தொன்று. வார நாட்களில் பொம்மனஹள்ளியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஞாயிறு சபைக்குக் கீபோர்டு. பாடகர் குழு எந்தச் சுருதியில் போய் விழுந்தாலும் ஓடிப்போய்த் தாங்கிப் பிடிக்கிற விரல்கள் அவளுடையவை. ஒன்பது வருடமாக ரக்ஷிதாவோடு ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகிறாள். சபைக்குத் தெரியாதா என்ன? யார் வீட்டில் புது மிக்ஸி வந்தாலும் சாயங்காலத்துக்குள் அதன் நிறம்வரை தெரிந்துகொள்ளும் சபை அது. ரக்ஷிதாவைக் கண்டால் மட்டும் அத்தனை பேருக்கும் பார்வை மங்கிவிடும். "ஹெலனோட ரூம்மேட்" என்று ஒரு சொல்லால் போர்த்தி மூடிவிடுவார்கள்.

இடையில் ஒரு வருடம் வைட்ஃபீல்டில் ஓர் ஆங்கில ஐக்கியத்துக்குப் போய்ப் பார்த்தாள். வாசலிலேயே வானவில் ஸ்டிக்கர், உள்ளே கிதார், காபி. வாராவாரம் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு கஷ்டப்பட்டாய் என்று நாக்கில் எச்சில் ஊறக் கேட்டார்கள். சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு கீர்த்தனைகூடத் தெரியாத கூட்டம். ஹெலன் ஆடுகோடிக்கே திரும்பி வந்தாள்.

சங்கத்தில் ஒரு சட்டம் உண்டு. ஜெபம் பலித்தால் எழுந்து நின்று சாட்சி சொல்லியாக வேண்டும். சொல்லாதவர்களுக்கு அடுத்த ஆசீர்வாதம் வராது என்பது செயலாளர் ஞானசுந்தரி அம்மாளின் சொந்தக் கண்டுபிடிப்பு. போன மாதம் அவர் நாலாவது வரியை வாசித்ததும் ஹெலன் எழுந்தாள்.

"ஆன்ட்டி, அதை அடிச்சிடுங்க. எனக்குக் கிடைச்சு ஒம்போது வருஷம் ஆச்சு. மாப்பிள்ளை இல்ல, ரக்ஷிதா. இத்தினி நாளா சாட்சி சொல்லாதது என் தப்பு."

பதினெட்டு மடிகளில் பதினெட்டு பைபிள்கள் அசையாமல் கிடந்தன. ஞானசுந்தரி அம்மாள் வசனம் தேடக் கண்ணாடியைத் துழாவுவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் முந்திக்கொண்டது.

"அந்தப் பொண்ணு ஞானஸ்நானம் எடுத்துச்சாம்மா?"

"இல்லக்கா. சிக்கமகளூரு பொண்ணு. வீட்ல தினம் விளக்கேத்துவா."

சங்கத்துக்கு உயிர் வந்தது. பெண்ணோடு பெண் வாழ்வதை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தவர்களுக்கு, விளக்கேற்றுகிறவளை என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது.

"கன்னட பைபிள் ஒண்ணு குடுத்துப் பாரு."

"கறி சாப்பிடுமா? அப்ப சீக்கிரம் வந்துடும்."

ஹெலன் கீபோர்டு அலமாரிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அவ மாற மாட்டா. ஞாயித்துக்கிழமை என்கூட வருவா, மூணாவது பெஞ்ச்ல உக்காருவா. யாராவது ரூம்மேட்னு சொன்னீங்கன்னா, அதோட நான் வாசிக்கறதில்ல. வேற சர்ச்சுக்கும் போக மாட்டேன். அவ பக்கத்துல உக்காந்துகினு நீங்க பாடறதைக் கேட்டுனு இருப்பேன்."

தங்கள் பாட்டைப் பற்றி அந்தரங்கமாக அவர்களுக்குத் தெரியும். சாவியை யாரும் தொடவில்லை.

ஞாயிறன்று ரக்ஷிதா வந்தாள். மூன்றாவது பெஞ்ச் ஞானசுந்தரி அம்மாளின் நிரந்தர இடம். ஆராதனை தொடங்குமுன் புதுப் போதகர் அங்கே வந்து, "இவங்க யாரும்மா?" என்றார்.

"இது ஹெலனோட ரூ…"

ஹெலனின் விரல் கீபோர்டு சுவிட்சுக்குப் போனது. அம்மாள் அதைப் பார்த்தார்.

"…ஹெலனோட ரக்ஷிதா, ஐயா."

இந்த நாலு எழுத்துப் பெயரைச் சொல்வதற்குள் அம்மாளுக்குக் கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. ஏதோ சிலுவை சுமந்தவரைப்போல முந்தானையால் துடைத்துக்கொண்டு, பெஞ்சில் ஒரு சாண் நகர்ந்து ரக்ஷிதாவுக்கு இடம் விட்டார்.

ஹெலன் முதல் பாட்டை எடுத்தாள், ஞானசுந்தரி அம்மாளுக்கு எட்டாத சுருதியில்.