அசைந்தது யார்?

ஓவியக் கல்லூரியில் மாடலாக உட்காருவது அவள் தொழில். உடுத்திய உடையோடுதான். அதை ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் அவள் கணவர் முதல் நாள் அனுப்பி வைத்தார்.

ஒரு மரமேடை, அதன்மேல் கைப்பிடி இல்லாத நாற்காலி. இருபது நிமிடம் அசையக் கூடாது. ஐந்து நிமிடம் ஓய்வு. மறுபடி இருபது. ஓய்வுக்கு எழுமுன் மாணவர் யாராவது வந்து அவள் பாதங்களைச் சுற்றியும் நாற்காலிக் கால்களைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு இழுப்பார். திரும்பி வந்து கோட்டுக்குள் காலை வைத்தால் பழைய நிலை கிடைத்துவிடும். ஆறு வருடம் எந்தப் புகாரும் இல்லாமல் ஓடியது.

ஏழாவது வருடம், ஒரு திங்கட்கிழமை, மாஸ்டர் கரித்துண்டைத் தரையில் எறிந்தார். உருவம் வரையக் கற்றுக்கொடுப்பவர் அவர். அந்தக் கட்டடத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அன்று முதலாண்டு மாணவர்கள் நாற்பது பேரோடு அவரும் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். தாளில் மூக்கு ஒரு பக்கம் பார்த்தது, காது வேறு பக்கம் நின்றது.

"மாடல் அசைஞ்சுட்டா," என்றார். "ஏம்மா, உனக்கு இருக்கறதே உக்கார்ற வேலை. அதுவும் வரலைன்னா எப்படி? இது நாற்காலியா, ஊஞ்சலா?"

வகுப்பு சிரித்தது. மறுநாளே 'ஊஞ்சல்' அவள் பெயரானது. அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் இருந்த மற்ற இரண்டு ஓவியப் பள்ளிகளுக்குப் போனாள். அந்தப் பெயர் அவளுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. சலவைக்கடையில் இஸ்திரி போடச் சேர்ந்தாள்.

வேலை போனதைவிட வேறொன்றுதான் அவளை அரித்தது. அன்று அசைந்தோமா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. அசைந்திருந்தால் திட்டு வாங்கியது நியாயம். அசையவில்லையென்றால், சிரித்த அந்த நாற்பது பேர் முன்னால் மாஸ்டர் தன் வாயால் சொல்ல வேண்டும், அசைந்தது நான்தான் என்று. சொல்லும்போது அவர் முகத்தை அவள் பார்க்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியை அழுத்தும்போதெல்லாம் இதையே அழுத்தினாள்.

டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு யோகா வகுப்பு நடந்தது. நடத்தியவள் இருபத்தெட்டு வயதுக்காரி, முன்பு நீச்சல் போட்டிகளுக்குப் போனவள். சேர வந்த நாற்பத்தோரு வயது மாடலை உட்காரவைத்துப் படிவத்தை எடுத்தாள்.

"என்னக்கா பிரச்சினை? முதுகு வலியா? தூக்கம் வரலையா?"

"ஒருத்தரைப் பழி வாங்கணும்."

டீச்சர் படிவத்தை மேலும் கீழும் பார்த்தாள். "அதுக்கு இதுல கட்டம் இல்லக்கா. 'மற்றவை'ன்னு போட்டுக்கறேன்."

கண்ணை மூடி, முதுகை நிமிர்த்தி, மூச்சு வருவதையும் போவதையும் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் பாடம். ஆறு வருடம் உட்கார்ந்தே பிழைத்தவளுக்கு இது சுலபம் என்று நினைத்தாள். இரண்டாவது நிமிடத்தில் அகப்பட்டுக்கொண்டாள். மூச்சு வெளியேறும்போதெல்லாம் இடது தோள் நூலிழை இறங்கியது. கட்டைவிரல் தானாக மடங்கியது. நாக்கு பல்லைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"என்னைச் சிலைன்னு நெனச்சுட்டிருந்தேன்," என்றாள். "உள்ளே சந்தை நடக்குது."

"அது தெரிஞ்சுதே, அதுவே பெருசு. யார் முகமாவது வந்தா விரட்டாதீங்க. பாத்துட்டு, மூச்சுக்குத் திரும்பி வந்துடுங்க."

"மூச்சு வரும்போதே அவரும் ஏறிக்கிட்டு வர்றாரே."

"அப்ப என்ன பண்றீங்க?"

"ரெண்டையும் சேத்து எண்ணிக்கறேன்."

"அது யோகா இல்லக்கா."

"எனக்கு ஒத்துவருது."

டீச்சர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ஒரு நாள் அவரே சலித்துப்போய் இறங்கிவிடுவார் என்று மட்டும் சொன்னாள். மாஸ்டர் இறங்கவில்லை. ஆனால் எட்டு மாதத்தில் தோள் இறங்கப் போவது இறங்குவதற்கு முன்பே அவளுக்குத் தெரிய ஆரம்பித்தது. பத்து விரலும் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்க்காமலே சொல்ல முடிந்தது. காலையில் வீட்டு நடையில் அவள் உட்கார்ந்திருக்கும்போது கணவர் எட்டிப் பார்ப்பார். "சிலைக்கு டீயா, காபியா?" பதில் வராது. "சரி, ரெண்டையும் நானே பாத்துக்கறேன்."

இரண்டு வருடம் போனது. அவள் அக்கா கணவர் அதே கல்லூரியில் ஸ்டோர்கீப்பர், தாளும் கரித்துண்டும் எடுத்துக்கொடுப்பவர். ஒரு மதியம் சலவைக்கடைக்கே வந்துவிட்டார்.

"அடுத்த வாரம் கல்லூரி விழாவில மாஸ்டர் பொதுமக்கள் முன்னாடி ரெண்டு மணி நேரம் வரைஞ்சு காட்டணும். மாடலுக்கு வந்த ஆள் பைக்கில விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டான். நீ வர்றியா?"

"அவர் ஒத்துக்கிட்டாரா அத்தான்?"

"முனகிக்கிட்டே ஒத்துக்கிட்டார். வேற யார் இருக்கா?"

ஒத்திகையின் முதல் நாள், அவள் பார்வை ஜன்னல் தாழ்ப்பாளில் இருந்தது. பத்தாவது நிமிடம் தரையில் ஏதோ உராய்ந்தது. லேசான சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை. மாஸ்டரின் ஸ்டூல். அவர் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்துகொண்டிருந்தார், பிறகு வலது பக்கம் சாய்ந்தார். பழைய வகுப்புகளிலும் இந்தச் சத்தம் இருந்திருக்கிறது. அவள் காதில்தான் விழுந்ததில்லை. அவருக்குக் கண் மங்கிக்கொண்டிருந்தது என்று அவளுக்குப் புரிந்தது. அதை யாரிடமும் சொல்லாமல் ஸ்டூலை நகர்த்திச் சமாளித்துக்கொண்டிருந்தார். வரைகிறவர் ஒரு சாண் நகர்ந்தால் போதும், மாடலின் மூக்கு காதை விட்டு விலகிவிடும்.

ஆக, அவள் அசையவில்லை.

"பிரின்சிபால்கிட்ட போய்ச் சொல்லிடு," என்றார் கணவர்.

"சொன்னா ஒரு அறைக்குள்ளேயே முடிஞ்சுடும்."

"பாவம், கண்ணு தெரியாத மனுஷன்."

"வாய் நல்லாத்தானே இருந்துச்சு?"

விழா நாளன்று கூடத்தில் நூற்றைம்பது பேர். அன்று சிரித்த நாற்பது பேரும் இப்போது மூன்றாம் ஆண்டு, ஓரமாக நின்றார்கள். அவர்களில் நெட்டை என்று கூப்பிடப்பட்ட மாணவி வந்து அவள் கால்களைச் சுற்றிக் கோடு போட்டாள்.

"அப்படியே மாஸ்டர் ஸ்டூலுக்கும் ஒண்ணு போட்டுடும்மா," என்றாள் மாடல், கூட்டத்துக்குக் கேட்கும்படி. "என்னை மட்டும் கட்டிப்போட்டா எப்படி?"

கூட்டம் சிரித்தது. மாஸ்டரும் சிரிக்க வேண்டியதாயிற்று. கோடு விழுந்தது.

ஐம்பதாவது நிமிடம், "கொஞ்சம் அசையாம இரும்மா," என்றார். சற்று நேரத்தில் இன்னொரு முறை. மூன்றாவது முறை கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "மாடல் நகர்ந்துட்டாங்க. மன்னிக்கணும்."

நெட்டை வந்து குனிந்து பார்த்தாள். பாதங்கள் கோட்டுக்குள். நாற்காலிக் கால்கள் கோட்டுக்குள். பிறகு ஸ்டூலைப் பார்த்தாள். அது தன் கோட்டை விட்டு ஒரு சாண் முன்னால் நின்றது. நெட்டை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பார்க்கும் இடத்தை முதல் வரிசை பார்த்தது. முணுமுணுப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது.

மாடல் திரும்பவில்லை. "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு மாஸ்டர்," என்றாள். உதடு மட்டும்தான் அசைந்தது.

"வெளிச்சம் மாறிடுச்சு," என்று சொல்லிவிட்டு அவர் கூடத்தை விட்டுப் போனார். அவள் அந்த ஒரு மணி நேரத்தையும் உட்கார்ந்தே முடித்தாள். வரைய ஆளில்லாத மேடையில், நூற்றைம்பது பேர் பார்க்க. தேனாட்டம் இருந்தது என்று பிறகு டீச்சரிடம் சொன்னாள். ஆனால் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை இன்னும் வரவில்லை.

கல்லூரி அவளை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டது. மூன்று மாதம் கழித்து, கண் அறுவை சிகிச்சை முடிந்து, மாஸ்டர் புதுக் கண்ணாடியோடு வந்தார். ஸ்டோர் வாசலில் அவளுக்காகக் காத்திருந்தார்.

"அந்தப் படம் பாதியில நிக்குது. உக்காருவியா?"

"உக்கார்றேன். அசைஞ்சது யாருன்னு வகுப்புல ஒரு தடவை சொல்லிடுங்க. அந்தத் திங்கக்கிழமையையும் சேத்து."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்றேன். எப்ப சொல்றதுன்னு நான்தான் முடிவு பண்ணுவேன்."

ஒப்புக்கொண்டாள். அதுதான் அவள் செய்த தவறு.

புதன்கிழமை. அதே நாற்பது பேர். அவள் பார்வை ஜன்னலில், அவர் அவளுக்கு வலது ஓரம், அவள் கண்ணுக்கு எட்டாத இடத்தில். எட்டாவது நிமிடம் ஸ்டூலிலிருந்து எழும் சத்தம் கேட்டது.

"எல்லாரும் கேளுங்க. விழாவில அசைஞ்சது நான். ரெண்டு வருஷத்துக்கு முந்தி இவங்களைத் திட்டினேனே, அன்னைக்கும் நான்தான். இவங்க இல்ல."

கரித்துண்டுகள் நின்றன. அவளுக்குப் புரிந்துவிட்டது. இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தைத் திருப்ப வேண்டும். திருப்பினால் நாற்பது பேர் முன்னால் மாடல் அசைந்ததாகிவிடும். அதைக் கணக்குப் பண்ணித்தான் அவர் இந்த நேரத்தைப் பிடித்திருந்தார். அவரும் லேசுப்பட்ட ஆளில்லை.

கழுத்தில் சூடு ஏறியது. இடது தோள் இறங்கப் பார்த்தது, பிடித்தாள். மூச்சு வந்தது, வழக்கம்போல அவர் முகத்தையும் கூட்டிக்கொண்டு. அசல் முகம் ஆறடி தள்ளி நின்றுகொண்டிருந்தது. எண்ணினாள். காலடிச் சத்தம் கதவு வரை போனது, கதவு திறந்தது, மூடியது. எண்ணிக்கொண்டே இருந்தாள்.

மணி அடித்ததும் இறங்கி நேராக நெட்டையிடம் போனாள்.

"சொல்லும்போது அவர் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

நெட்டை பக்கத்திலிருந்தவனைப் பார்த்தாள். அவன் அடுத்தவனைப் பார்த்தான்.

"கவனிக்கலக்கா. நாங்க உங்களைத்தான் பாத்துட்டிருந்தோம். திரும்பிடுவீங்களோன்னு."

"நாப்பது பேருமா?"

"நாப்பது பேரும்."

"பாக்கறதுக்குன்னே படிக்க வந்தவங்க," என்றாள் அவள். "ஒருத்தருக்காவது பாக்கத் தெரியுதா?"