பிரித்துப் பார்த்த வண்டிக்கு வாரண்டி இல்லை

போன வாரம் வின்னிபெக்கில் தண்ணீர் சுடவைக்கிற கெட்டில் ஒன்று வாங்கப் போனேன். கல்லாவில் இருந்த பெண் அதைப் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, இதற்குப் புரொடெக்‌ஷன் பிளான் என்கிற கூடுதல் வாரண்டியும் சேர்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்டாள். ஒரு கெட்டிலுக்கு என்ன பாதுகாப்பு வேண்டிக் கிடக்கிறது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கனடாவுக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் இந்தக் கேள்வி மட்டும் பழகவில்லை. போன் வாங்கினாலும் கேட்கிறார்கள், மெத்தை வாங்கினாலும் கேட்கிறார்கள். எங்கள் பரமத்தி வேலூர் கடைவீதியில் ஒரு குக்கர் வாங்கினால், கொண்டுபோங்கள், ஏதாவது என்றால் எடுத்துவாருங்கள், நான் எங்கே போய்விடப் போகிறேன் என்பார் கடைக்காரர். திரும்பக் கொண்டுபோனால் சில சமயம் மாற்றித் தருவார். சில சமயம் நம் சமையலையே குறை சொல்லி அனுப்பிவிடுவார். எப்படியானாலும் சண்டை போட எதிரில் ஒரு ஆள் இருப்பார்.

கெட்டிலுக்கு வேண்டாம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். அன்றைக்கே சேலத்திலிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த பழைய காரின் வாரண்டி முடியப் போகிறது, இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டித்துக்கொள்கிறீர்களா என்று. அதற்கு ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. என்னைப் போல் எங்கோ இருந்துகொண்டு ஊரில் இருக்கிறவர்களுக்கு வண்டி வாங்கிக் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்காகவும்தான்.

அப்பா லாரிக்காரர். சொந்த வண்டியைத் தானே ஓட்டியவர். நாமக்கல்லில் ஏறினால் நாக்பூர் தாண்டித்தான் தூங்குவார் என்று சொல்வார்கள். முழங்கால் வலி வந்தபிறகு லாரியை விற்றுவிட்டு, இருக்கிற கொஞ்சம் வாழைத்தோப்போடு நிறுத்திக்கொண்டார். அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டு, வாரத்தில் இரண்டு நாள் நாமக்கல்லுக்கு டயாலிசிஸுக்குப் போகவேண்டியதாகிவிட்டது. போகும்போது பஸ்ஸில் போய்விடலாம். வரும்போதுதான் முடியாது. ரத்தம் சுத்தமாகி வெளியே வருகிறவருக்குக் கால் தரையில் நிற்காது, கண் இருட்டிக்கொண்டு வரும். அவர்களுக்கு நான் ஒரே பிள்ளை. கல்யாண வாழ்க்கை ஒத்துவராமல் தனியாக இருக்கிறவள், ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. என்னால் செய்ய முடிந்தது ஒரு கார் வாங்கிக் கொடுப்பது.

லீவில் போயிருந்தபோது அப்பாவோடு சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு ஷோரூமுக்குப் போனேன். பழைய கார்களைக் கம்பெனியே சோதித்து, சான்றிதழ் கொடுத்து விற்கிற இடம். ஏசி, காபி, மேலே மின்னும் விளக்குகள். அப்பாவுக்கு அந்த இடமே பிடிக்கவில்லை. லாரி வாங்குகிற இடத்தில் கிரீஸ் வாசமாவது அடிக்கும், இங்கே அகர்பத்தி வாசம் அடிக்கிறது என்று என் காதில் முணுமுணுத்தார். பொறுமையான ஒரு இளைஞர் எங்களுக்கு வண்டியைக் காட்டினார். கம்பெனி கொடுக்கிற வாரண்டி சில மாதங்களுக்குத்தான், மேலே பணம் கட்டினால் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் கூடுதல் காலம் கிடைக்கும், வண்டி வழியில் நின்றால் அவர்களே வந்து தூக்கிப் போவார்கள் என்றார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்: "எத்தனை வருஷம் மேடம் வண்டிய வச்சிருப்பீங்க?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா வெளியே நின்ற வண்டியைப் பார்த்தார். அம்மாவுக்கு எவ்வளவு காலம் வேண்டுமோ அவ்வளவு காலம் என்பதுதான் சரியான பதில். அதை ஒரு விற்பனையாளரிடம் எப்படிச் சொல்வது? மூன்று வருடம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, ஒரு வருடம் என்று சொல்ல வாய் வரவில்லை. நாங்கள் விலை குறைப்பதற்காக யோசிக்கிறோம் என்று நினைத்து, அவர் தள்ளுபடி பற்றிப் பேச ஆரம்பித்தார். அப்பா வேண்டாம் என்று தலையசைத்தார். நான் ஒரு வருடத்துக்கு வாரண்டியும் சேர்த்துக் கட்டினேன்.

நான் ஏன் கட்டினேன் என்பதற்கு இங்கே வின்னிபெக்கில் ஒரு கதை உண்டு. இங்கே வந்த இரண்டாவது குளிர்காலத்தில் என் கார் நெடுஞ்சாலையில் நின்றுவிட்டது. பனி கொட்டுகிறது. எத்தனையோ வண்டிகள் கடந்துபோயின, ஒன்றும் நிற்கவில்லை. அது அவர்கள் குற்றமில்லை, இங்கே அதற்கென்று ஆள் இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நான் என் கார் வாரண்டியில் இருந்த எண்ணை அழைத்தேன், மஞ்சள் விளக்கு சுழல ஒரு இழுவை லாரி வந்தது. அதிலிருந்து இறங்கிய பெரியவர் கண்ணாடியைத் தட்டி, உன்னோடு யாராவது இருக்கிறார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். யாருமில்லை, அம்மா அப்பா இந்தியாவில் இருக்கிறார்கள் என்றேன். அவர் கேட்டது காருக்குள் வேறு யாராவது இருக்கிறார்களா என்றுதான். ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டு, சரி, என் வண்டியில் ஹீட்டர் நன்றாக இருக்கிறது, ஏறிக்கொள் என்றார். அன்றைக்கு நான் வாரண்டிக்குக் கட்டிய பணம் ஒரு மனிதனாக வந்து நின்றது. அம்மாவுக்கும் அப்படி ஒருவர் வருவார் என்றுதான் நம்பினேன்.

பெயர் மாற்றம் முடிந்து கார் கைக்கு வரும்போது நான் கனடா திரும்பிவிட்டேன். நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம், முகப்பில் சந்தனம், பக்கத்தில் வெட்கத்தோடு அம்மா. ஊரிலிருந்து அனுப்பிய படத்தைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன். மழை முடிந்து, பனி முடிந்து, வெயில் வந்தது. ஒரு நாள் காலை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அப்பா அழைத்தார். ஊரில் அப்போது சாயங்காலம். டயாலிசிஸ் முடிந்து வரும் வழியில், கீரம்பூர் தாண்டி, கியர் விழாமல் வண்டி நின்றுவிட்டது. அம்மா பின்சீட்டில் படுத்திருக்கிறார். அப்பா என்னைக் கூப்பிட்டது உதவிக்கல்ல. அந்தக் கம்பெனிக்காரன் எண் உன்னிடம்தானே இருக்கிறது, கேட்டுச் சொல் என்றார்.

நான் அழைத்தேன். எந்த ஊரிலோ இருந்து ஒரு குரல் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிப் பேசியது. கீரம்பூரைப் புரியவைப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. வண்டி வரும், ஆனால் சாவியோடு ஒருவர் அங்கேயே இருக்கவேண்டும் என்றார்கள். இதற்குள் நெடுஞ்சாலையில் ஒரு முட்டை வண்டி, யாரும் கைகாட்டாமலே, வந்து நின்றிருந்தது. காலித் தட்டுகளோடு பரமத்தி வேலூர்ப் பக்கம் போகிற வண்டி, ஓட்டுநர் பெயர் முருகேசன். அம்மாவை நான் கூட்டிப் போய்விடுகிறேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்பா தவித்தார். வண்டியை ரோட்டில் தனியாக விட்டு வருவது லாரிக்காரர்களுக்கு ஆகாத காரியம். அம்மாவைத் தனியாக அனுப்புவதும் ஆகாத காரியம்தான். போனில் அம்மாவின் குரல் கேட்டது: "நீங்க வண்டியோட இருங்க. நான் போயிக்கறேன்." அம்மா அந்தத் தம்பியோடு போனார். வீட்டு வாசலில் இறங்கும்போது மயங்கி விழுந்ததையும், முருகேசன் தூக்கிக் கொண்டுபோய்க் கட்டிலில் படுக்க வைத்ததையும், பக்கத்து வீட்டில் சொல்லி ஆளை வரவழைத்துவிட்டுத்தான் அவர் கிளம்பியதையும் ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குச் சொன்னார்கள்.

கம்பெனி வண்டியும் வரத்தான் செய்தது, இருட்டிய பிறகு. சேலத்துக்குத் தூக்கிப்போய்ப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் அங்கிருந்து எனக்கு அழைப்பு வந்தது. கியர்பாக்ஸ் போல்ட்டுகளில் அவர்கள் வைத்திருந்த மஞ்சள் பெயிண்ட் அடையாளம் விட்டுப்போயிருக்கிறது, வெளியே யாரோ பிரித்திருக்கிறார்கள், வெளியாள் கைவைத்த பாகத்துக்கு வாரண்டி செல்லாது என்றார்கள். ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்றுதான் முதலில் கத்தினேன். பிறகு அப்பாவை அழைத்தேன்.

அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "ஆமா அம்மிணி. சேலத்துல இருந்து நேரா நம்ம செல்வராஜ் பட்டறைக்குத்தான் உட்டேன். பிரிச்சுப் பாத்துப் பூட்டித்தான் ஊட்டுக்குக் கொண்டாந்தேன். உங்கம்மாள ஏத்தற வண்டி, எவனோ குடுத்த சீட்ட நம்பி எப்படி ஓட்டறது?"

எங்கள் பக்கத்தில் பழைய லாரி வாங்கினால் பூஜை கூட அப்புறம்தான். முதலில் நம் மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்து, திரும்பப் பூட்டினால்தான் அது நம் வண்டி. பிறர் பூட்டிய வண்டியில் அப்பா ஒரு லோடு கூட ஏற்றியதில்லை. நான் பணம் கட்டி வாங்கிய பாதுகாப்பை அவர் தன் பாதுகாப்பால் அழித்துவிட்டார். இரண்டு பேரும் செய்தது அம்மாவுக்காகத்தான். வாரண்டிப் புத்தகம் முழுக்க ஆங்கிலத்தில் டேஷ்போர்டுக்குள் கிடந்தது. அவர் அதைத் திறக்கவில்லை, நானும் அவருக்குப் படித்துச் சொல்லவில்லை. கியர்பாக்ஸ் கெட்டதற்குக் காரணம் யார் என்பது இன்றுவரை தெரியாது. பிரித்ததால்தான் கெட்டது என்கிறது கம்பெனி. பிரிக்கும்போதே உள்ளே ஒரு பல் தேய்ந்திருந்தது, இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்று விட்டேன் என்கிறார் செல்வராஜ் அண்ணன். இதில் யாரை நம்புவது? கடைசியில் அவரே திரும்பப் பிரித்துச் சரிசெய்து கொடுத்தார். வண்டி இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆக, நீட்டிப்பு. கணக்கு எளிமையானது. பிரித்த கியர்பாக்ஸுக்கு இனி என்றைக்கும் வாரண்டி கிடையாது. என்ஜினுக்கு உண்டு, அதுவும் அப்பா பட்டறைப் பக்கம் போகாமல் இருந்தால். அவர் போகாமல் இருக்கமாட்டார். மிச்சம் இருப்பது வழியில் நின்றால் வருகிற வண்டி. அது வருகிற அழகையும் பார்த்தாகிவிட்டது. யாராவது என்னிடம் யோசனை கேட்டால், நிபந்தனைகளை வீட்டில் ஓட்டுகிறவருக்குத் தமிழில் சொல்லிக் கொடுங்கள், அவர் கேட்கமாட்டார் என்று தெரிந்தால் பணத்தைக் கட்டாதீர்கள் என்பேன். எனக்கு நான் அந்த யோசனையைச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. கட்டாவிட்டால் அந்த வண்டியோடு எனக்கு என்ன சம்பந்தம் மிச்சம் இருக்கும் என்று பயமாக இருக்கிறது. அம்மாவிடம் கேட்டேன்.

"வண்டி நின்னா யாராச்சும் நிப்பாட்டுவாங்க சாமி. நீ எப்ப வாரே?"

பார்க்கிறேன் என்றேன். லீவு கேட்டிருக்கிறேன் என்றேன்.

கட்டிவிட்டேன். கட்டுப்படியாகுமா என்றால் ஆகாது. பணம் போய்ச் சேர்ந்ததும் சேலத்திலிருந்து ஒரு பெண் அழைத்து விவரங்களைச் சரிபார்த்தாள். வண்டி நின்றால் உடனே வரக்கூடிய ஒருவர் பெயர் வேண்டும் என்றாள். யோசிக்காமல் என் பெயரைச் சொன்னேன், எண்ணையும் சொன்னேன். வெளிநாட்டு எண் ஏறவில்லை மேடம், பக்கத்தில் இருக்கிறவர் யாராவது சொல்லுங்கள் என்றாள். முட்டை வண்டி முருகேசனின் எண்ணை அப்பாவிடமிருந்து வாங்கி வைத்திருந்தேன், அதைக் கொடுத்தேன். என்ன உறவு மேடம் என்று கேட்டாள். தெரிந்தவர் என்றேன்.

இரண்டு நாள் கழித்து, நான் வேலை செய்கிற பரிசோதனைக்கூடத்தில் ஊழியர் விவரங்களைப் புதுப்பித்தார்கள். ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்வது என்ற இடத்தில், நான் சேர்ந்த நாளிலிருந்து அப்பாவின் எண்தான் இருக்கிறது. என் மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, இவர் இங்கே வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்று அக்கறையாகத்தான் கேட்டார். தெரியவில்லை, ஆனால் தகவல் சொன்ன அடுத்த நிமிடம் வண்டியை எடுத்துவிடுவார் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அந்த எண்ணை அப்படியே விட்டுவிட்டார்.