சுவரைக் கெடுத்த மைனா

எங்கள் வீட்டில் எல்லோருமே சந்தேகப் பேர்வழிகள். மீன் வாங்கினால் அப்பா செவுளைத் தூக்கிப் பார்ப்பார். பார்த்த பிறகும் நம்பமாட்டார். பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வந்தால் அம்மா முதலில் முகர்ந்து பார்ப்பார். அத்தை, அதாவது அப்பாவின் அக்காள், இவர்கள் இருவரையும் சந்தேகப்படுவதற்கென்றே சனிக்கிழமைதோறும் கிள்ளானிலிருந்து ரயில் ஏறி வருவார். இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு சுவர் காரணமில்லாமல் கெட்டுப்போனால் யாரால் சும்மா இருக்க முடியும்?

பிரிக்ஃபீல்ட்ஸில் வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தா வாங்கிப் போட்டது. உயரமான கூரை, தடித்த செங்கல் சுவர், அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு. ஒவ்வோர் அறையிலும் சுவரின் உச்சியில் காற்றுத் துவாரங்கள் இருக்கும். சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டதால், வெயில் எங்கள் வீட்டுக்கு வருவதென்றால் சந்து பொந்தெல்லாம் தேடி நண்பகலுக்குத்தான் வந்து சேரும்.

நான் தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒரு மழைக்காலத்தில் அப்பா அம்மாவின் படுக்கையறைச் சுவரில் பூசணம் பிடித்தது. முதலில் கடுகு சிதறியதுபோல் கறுப்புப் புள்ளிகள். பிறகு பச்சையாகப் படர்ந்தது. அலமாரியைத் திறந்தால் அம்மாவின் கல்யாணப் பட்டிலிருந்து நனைந்த சாக்கு வாடை வந்தது. அந்த வாடை என் நெஞ்சுக்கு ஆகாது என்று அம்மா அதே அறையில் கிடந்த என் மெத்தையை ஹாலுக்கு மாற்றினார்.

அம்மாவுக்கு அந்த வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். ஷா ஆலமில் ஒரு அடுக்குமாடி வீட்டைப் பார்த்து வைத்திருந்தார். அப்பா அசைய மாட்டார். தாத்தா வைத்த மாமரத்துக் கிளையை வெட்டவே ஒரு வருஷம் யோசித்தவர் அவர். எனக்கும் போக விருப்பமில்லை. என் பள்ளிக்கூடமும் என் தோழியும் எங்கள் தெருவும் இல்லாத ஷா ஆலமை நான் பார்க்காமலேயே வெறுத்தேன்.

அம்மா ஏன் போக விரும்பினார் என்று அப்போது நான் யோசித்ததில்லை. அத்தையிடம் வீட்டுச் சாவி ஒன்று இருந்தது. கதவைத் தட்டாமல் வருவார், நேராக அடுப்படிக்குப் போவார், டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறப்பார்.

“மல்லித்தூள யாரு இந்தப் பக்கம் வெச்சா? எங்கம்மா எப்பவும் ஜன்னலோரம்தான் வெப்பாங்க.”

அம்மா சிரித்துக்கொண்டே டப்பாவை எடுத்து ஜன்னலோரம் வைப்பார். அத்தை ரயிலேறிய பிறகு பழைய இடத்துக்கே மாற்றுவார். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் அதே கூத்து. எனக்கு அது அவர்கள் இருவரும் விளையாடும் ஏதோ விளையாட்டு என்றுதான் பட்டது.

பூசணம் பட்டுச்சேலை வரை வந்த அன்று அப்பா ஒரு வாக்குக் கொடுத்தார்.

“தீபாவளி வரைக்கும் டைம் குடு லா. அதுக்குள்ள இந்தச் சுவரு காயலன்னா ஷா ஆலம் போயிடலாம்.”

“சத்தியமாவா?” என்றார் அம்மா.

“சத்தியமா.”

அதற்கப்புறம் அப்பா அலுவலகம் போகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அந்தச் சுவரோடுதான் குடித்தனம் நடத்தினார். கைப்பேசியில் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். தப்பு மழையுடையது அல்ல, நம்முடையதுதான். தீபாவளி வந்தால் வீட்டுக்குச் சாயம் அடிப்பது எங்கள் குடும்ப வழக்கம். பழையதைச் சுரண்டுவதில்லை, அதன்மேலேயே பளபளவென்று இன்னொன்று. அழுக்குப் பட்டாலும் கழுவிவிடக்கூடிய பிளாஸ்டிக் சாயமாகப் பார்த்து வாங்குவோம். சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தைக் காற்றில் விட வழியில்லாமல், நாம் வருஷா வருஷம் மழைக்கோட்டு மாட்டி விட்டிருக்கிறோம் என்றார் அப்பா.

மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு சுரண்ட ஆரம்பித்தார். போன வருஷத்து இளநீலம் உதிர்ந்தது. அதற்கடியில் நான் பிறந்த வருஷத்து ரோஸ். அதற்கடியில் பச்சை, மஞ்சள், யாருக்கும் ஞாபகமில்லாத ஒரு காவி. எங்கள் வீட்டுத் தீபாவளிகளெல்லாம் செதில் செதிலாகத் தரையில் விழுந்தன. வினிகர் ஊற்றித் துடைத்தார், மின்விசிறியை வைத்துக் காய வைத்தார், சுண்ணாம்பு அடித்தார். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயில் இருந்த ஓட்டையை அடைத்தார். காற்றுத் துவாரங்களில் இருந்த ஒட்டடையை எடுத்தார். அலமாரியைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தினார். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அந்த அறை ஜன்னலைத் தானே திறந்து வைத்துவிட்டுப் போனார்.

சுவர் வெளுத்தது. அப்பா உள்ளங்கையை அதன்மேல் வைத்து, காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். எனக்கு அப்பாவை நினைத்துப் பெருமை தாங்கவில்லை. கூடவே, நாம் எங்கேயும் போகப்போவதில்லை என்ற நிம்மதி.

பிறகு ஒரு நாள், அலமாரிக்குப் பின்னால், மறுபடியும் கடுகு சிதறியிருந்தது.

அங்கிருந்து சந்தேகம் வீட்டை ஆட்டிப் படைத்தது. அப்பாவுக்கு முதலில் கூரை மேல் சந்தேகம். ஏறிப் பார்த்தார், ஓடெல்லாம் ஒழுங்காக இருந்தது. பிறகு குளியலறைக் குழாய் மேல், அப்புறம் பக்கத்தில் எழும்பும் கட்டடத்தின் மேல். அத்தைக்கு அம்மா மேல்.

“துடைக்கிற கை ஒழுங்கா துடைச்சா எதுக்குப் பூக்குது?” என்று சுவரைப் பார்த்துச் சொல்வார்.

அம்மாவும் சுவரைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். “யாரு கண்ணு பட்டிச்சோ.”

எனக்கு அத்தை மேல் சந்தேகம். அவர் வந்து போன பிறகுதான் சுவர் மோசமாகிறது என்று எனக்குத் தோன்றியது. அடுத்த சனிக்கிழமை, அந்த அறைக் கட்டிலுக்கடியில் புகுந்து காத்திருந்தேன். அத்தை மெதுவாக உள்ளே வந்தார். கையில் செம்பு. ஏதோ முணுமுணுத்தபடி, வேப்பிலைக் கொத்தைச் செம்பில் முக்கி முக்கி அலமாரிக்குப் பின்னால் தெளித்தார். மஞ்சள் தண்ணீர்! நான் போட்ட கூச்சலில் செம்பு கீழே விழுந்து மீதித் தண்ணீரும் சுவரோரமாகவே ஓடியது.

அப்பா ஓடி வந்தார். “அக்கா, நான் ராவும் பகலும் ஃபேன போட்டுக் காய வெச்சிக்கிட்டு இருக்கேன். நீங்க தண்ணி தெளிக்கிறீங்களே!”

“திருஷ்டி கழிச்சேன்டா. அப்பா வாங்கின வீடுடா இது. நீ அத விட்டுட்டுப் போறேன்னு சத்தியம் பண்ணி வெச்சிருக்கியே, எனக்கு வயிறு எரியாதா?”

அத்தையின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். அவர் தோள் குலுங்கியது சிரிப்பினாலா, அழுகையினாலா என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தை தெளிப்பதை நிறுத்தினார். ஆனால் பூசணம் நிற்கவில்லை. பள்ளி விட்டு நான் வீட்டுக்கு வரும்போது படுக்கையறை ஜன்னல் சாத்தியிருக்கும். கட்டில் விளிம்பிலும் நாற்காலியிலும் துவைத்த ஈரத் துண்டுகள் காய்ந்துகொண்டிருக்கும்.

“ஜன்னல் ஏம்மா சாத்தியிருக்கு?”

“பக்கத்துல லோரி மண்ணு கொட்டுது பாரு. தூசி வருதுல்ல?”

லோரி மண் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. தூசியும் வந்தது. அப்பா வீடு திரும்பும் முன் அம்மா ஜன்னலைத் திறந்துவிடுவார். மழை நாளில் துண்டுகளை வேறெங்கே காயப்போடுவது? நான் கட்டடக்காரர்கள் மேல் சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார். அத்தை முறுக்குச் சுட வந்து அடுப்படியில் இருந்தார். அப்பா சுவருக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். தீக்குச்சி ஒன்றைக் கொளுத்தி, காற்றுத் துவாரங்களுக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். சுடர் அசையவே இல்லை.

ஏணியைக் கொண்டு வந்தார். டார்ச் அடிப்பது என் வேலை. அப்பா துவாரத்துக்குள் விரலை விட்டு எதையோ இழுத்தார். துணி. பக்கத்துத் துவாரத்தில் இன்னொன்று. அதற்கடுத்ததிலும். நீலத் துணியில் வெள்ளைப் பூப் போட்டது. அப்பா அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஏணியிலேயே நின்றார்.

“என்னப்பா அது?”

“மைனா,” என்றார் அப்பா கடைசியில். “கூடு கட்டியிருக்கு.”

“மைனா துணியெல்லாமா எடுக்கும்?”

“எல்லாம் எடுக்கும் லா.”

துணிகளைக் காற்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு இறங்கினார். அந்தத் துணி எனக்குத் தெரியும். அம்மாவின் பழைய நைட்டி. கிழித்து அடுப்படித் துணியாக்கிப் பின்கட்டுக் கொடியில் போட்டிருப்பார்கள். ஆக, மைனா கொடியிலிருந்துதான் திருடியிருக்கிறது. இவ்வளவு நாள் துப்பறிந்ததற்குக் கடைசியில் பலன் கிடைத்துவிட்டது. மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்.

சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது.

“மைனாவா?” என்றார் அத்தை. “நான் இந்த வீட்லயே பொறந்து வளந்தவ. ஒரு மைனா அங்க கூடு கட்டி நான் பாத்ததில்ல.” சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

“கட்டியிருக்கு. நானே எடுத்தேன்,” என்றார் அப்பா. அத்தையிடம் அப்பா அவ்வளவு கறாராகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. “மைனா ஒரு எடத்த புடிச்சிட்டா விடாதுக்கா. சுவரும் காயல. நாங்க ஷா ஆலம் போறோம்.”

அத்தை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். நான் ஓவென்று அழுதேன்.

“மைனாவ தொரத்திடலாம்ப்பா! கம்பி வலை அடிச்சிடலாம்!”

“அடிக்கலாம்தான்,” என்றார் அப்பா, சோற்றைப் பிசைந்துகொண்டே.

அம்மா தலை நிமிரவில்லை. கேட்காமலே இன்னொரு அப்பளத்தை எடுத்து அப்பாவின் தட்டில் வைத்தார். ஒரு பறவைக்குத் தோற்றுப்போய் வீட்டை விட்டுக்கொடுக்கிற அப்பா மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

குடிபோன ஷா ஆலம் வீட்டில் யார் வந்தாலும் கீழேயிருந்து காவலாளி போன் போட்டுச் சொல்வார். “அக்கா, உங்க கிள்ளான் ஆன்டி வந்திருக்காங்க.” அத்தை மின்தூக்கியில் ஏறி வருவதற்குள் அம்மா கூந்தலை முடிந்துகொண்டு, நைட்டியை மாற்றிக்கொண்டு, வாசலில் நின்று தானே கதவைத் திறப்பார். மல்லித்தூள் எங்கே இருக்கிறது என்று அத்தை கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. புது அடுப்படியில் அம்மா பாடுவார். பழைய வீட்டில் அவர் பாடி நான் கேட்டதே இல்லை.

அப்பா முடி வெட்டுவதற்கு மட்டும் பிரிக்ஃபீல்ட்ஸ்தான் போவார். முடி வெட்ட எதற்கு இவ்வளவு நேரம் என்று அம்மா கேட்டதில்லை. திரும்பி வரும்போது அப்பாவின் நகக்கண்ணில் சுண்ணாம்பு இருக்கும். அந்த வீட்டில் இப்போது யாரோ வாடகைக்கு அலுவலகம் வைத்திருக்கிறார்கள். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். சுவர் பளிச்சென்று இருந்தது. துவாரங்களில் கம்பி வலை ஏதுமில்லை.

அம்மாவிடம் நான் இதுவரை எதுவும் கேட்கவில்லை. அப்பாவிடமும்தான். அன்றைக்கு டார்ச் அடித்தவள் நான். அப்பா ஒவ்வொன்றாக உருவி எடுத்ததை எல்லாம் வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தேன். ஒவ்வொரு துணியும் ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நாலாக மடித்து, அலமாரியில் அம்மா துண்டு அடுக்குகிற மாதிரியே சொருகியிருந்தது. எவ்வளவு கெட்டிக்கார மைனா என்றுதான் அப்போது நினைத்தேன்.