களத்தில் காய்ந்த இசைத்தட்டுகள்

நன்னிலம் பக்கத்தில் ஜாஸ் கேட்கிற ஆள் நான் ஒருத்திதான் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். இதுவரை யாரும் மறுத்துப் பேசவில்லை. மறுக்கிற அளவுக்கு யாருக்கும் அதில் அக்கறை கிடையாது என்பதுதான் உண்மை. நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறேன். வீட்டுக்காரருக்கு நெல் விவசாயம். சாயங்காலம் நான் இசைத்தட்டைச் சுழலவிட்டால், வயலிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டே கேட்பார்: "இன்னும் சுருதி சேத்துக்கிட்டுதான் இருக்காங்களா? பாட்டு எப்ப ஆரம்பிப்பாங்க?" அரை மணி நேரம் கழித்து வந்து அதையே மறுபடியும் கேட்பார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் இந்த ஒரு கிண்டலை அவர் மாற்றவேயில்லை.

எனக்கும் ஒரு கிறுக்கு உண்டு. ஊரே கொண்டாடுகிற தட்டு எனக்கு வேண்டாம். ஒரே ஒரு ஆல்பம் போட்டுவிட்டுக் காணாமல் போன ஆர்கன்காரர், யாரோ ஒரு பாடகருக்குப் பின்னாலேயே காலத்தை ஓட்டிவிட்டு ஒரே ஒரு தடவை முன்னால் வந்து நின்ற புல்லாங்குழல்காரர், மின்சாரப் பியானோ வந்த புதிதில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் என்னென்னவோ செய்து பார்த்தவர்கள், இவர்கள்தான் என் ஆட்கள். பாதித் தட்டுகள் சுமார்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்தக் குப்பைத் தட்டிலும் ஒரு மூன்று நிமிஷம் இருக்கும். டிரம்ஸ்காரருக்குத் திடீரென்று உற்சாகம் வந்துவிடும், ஆர்கன்காரர் 'அட, அப்படியா சேதி' என்று பதில் சொல்ல ஆரம்பிப்பார். அந்த மூன்று நிமிஷத்தைக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதை யாரிடம் போய்ச் சொல்ல!

கூத்தாநல்லூரில் ஒரு கல்யாண விருந்துக்குப் போயிருந்தேன். பிரியாணி முடிந்து கை கழுவப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே தண்ணீர் டிரம்மை எதனாலோ மூடி வைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தால், ஒரு இசைத்தட்டின் உறை. இறுக்கமான சட்டை போட்ட ஒரு மனிதர் ஆர்கன் மேல் கையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கை கழுவாமலே அந்த வீட்டுப் பெரியவரைத் தேடிப் போனேன்.

அவருக்கு எழுபது வயது இருக்கும். "அதுவா? எங்க அண்ணன் சிங்கப்பூர்லேருந்து வரும்போதெல்லாம் கொண்டாந்தது டீச்சரம்மா. பரண் மேல நூறு இருக்கும். போட்டுக் கேக்க மிஷின் இல்ல. தூக்கிப் போடவும் மனசு வரல" என்றார். அண்ணன் அங்கே ஒரு ஹோட்டலில் பரிமாறுகிற வேலை பார்த்தவர். இவருக்கும் அவருக்கும் பதினைந்து வயது வித்தியாசம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அங்கேயே இறந்து அங்கேயே அடக்கமாகிவிட்டார். இவர் கடைசி முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "போட்டோ ரெண்டு இருக்கு. குரல்தான் மறந்து போச்சு. எவ்வளவு யோசிச்சாலும் வர மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு, பேச்சை மாற்ற எனக்கு ஒரு சர்பத் கொடுத்தார்.

ஒவ்வொன்றாக எடுத்துப் போகலாம், திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம். அவ்வளவுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. நானும் ஒழுங்காகத்தான் இருந்தேன். காலாண்டு விடுமுறை வந்ததும் பேராசை பிடித்துக்கொண்டது. "அண்ணே, பத்து நாள் லீவு. ஒரு பன்னண்டு சேத்துக் குடுங்களேன்" என்று கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவந்தேன்.

அந்தப் பன்னிரண்டில் ஒன்று இணையத்தில் எங்குமே இல்லை. நான் பெயரை அடித்தால், 'நீங்கள் தேடுவது வேறா?' என்று அது என்னையே கேட்டது. ஆர்கன், சாக்ஸபோன், காங்கா மேளம், டிரம்ஸ் என்று நாலு பேர் கொண்ட குழு. ஒரு ஹோட்டலில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அங்கேயே வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். உறையின் பின்பக்கம் ஹோட்டல் பெயர் இருந்தது. தன் அண்ணன் வேலை பார்த்ததாகப் பெரியவர் சொல்லியிருந்த அதே ஹோட்டல். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு முடிகிறது. கைதட்டல். கைதட்டலுக்கு நடுவில், மைக்குக்குப் பக்கத்திலேயே, ஒரு ஆண்குரல் யாரையோ அதட்டுகிறது. தமிழில்! அதுவும் நம்ம பக்கத்துத் தமிழில்!

நான் கத்திய கத்தலில் வீட்டுக்காரர் மாட்டுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று கொல்லைக்கு ஓடினார். திரும்பி வந்தவரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். அன்றைக்கு அவர் சுருதி பற்றிக் கேட்கவில்லை. "இது அவரு அண்ணனேதானா?" என்றார். "அந்த ஹோட்டல்ல தமிழாள் ரெண்டே பேருன்னு பெரியவரு சொல்லியிருக்காரு. இன்னொருத்தர் சமையல்கட்ட விட்டு வெளிய வந்ததே இல்லையாம்" என்றேன். "அப்ப உடனே கொண்டு போய்க் கேக்க விடு" என்றார் அவர். நியாயமாக அப்படித்தான் செய்திருக்க வேண்டும். எனக்குத்தான் எல்லாவற்றிலும் ஒரு ஜோடனை வேண்டுமே! கணினியில் ஏற்றி, சுத்தம் செய்து, பெரியவர் செல்போனில் போட்டுக் கொடுக்கலாம் என்று திட்டம் போட்டேன். அதற்கு ஒரு கேபிள் வரவேண்டியிருந்தது. கேபிள் வருவதற்குள் ஆசிரியர் பயிற்சி வந்தது. தஞ்சாவூரில் மூன்று நாள். போனேன்.

நான் போன அன்றே மழை பிடித்துக்கொண்டது. குறுவை நெல்லை அறுத்துப் போட்டிருந்த நேரம். வடிகால் எதிர்த்து, கொல்லைப்பக்கத்து அறையில் தண்ணீர் ஏறிவிட்டது. பன்னிரண்டு தட்டும் அந்த அறையில், தரையில், அட்டைப்பெட்டிக்குள். போனில் வீட்டுக்காரர் எதையும் சொல்லவில்லை. "எல்லாம் நல்லாருக்கு, நீ படி" என்றார், என்னவோ நான் பரீட்சை எழுதப் போன மாதிரி.

மூன்றாம் நாள் மழை விட்டு, சுள்ளென்று வெயில் அடித்தது. மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தேன். கொடியில் பன்னிரண்டு உறைகள் கிளிப் போட்டுத் தொங்கின. ஆர்கன்காரர்கள் வரிசையாகக் காற்றில் ஆடினார்கள். களத்தில் தார்ப்பாய் விரித்திருந்தது. அதன் மேல், உச்சிவெயிலில், பன்னிரண்டு இசைத்தட்டுகள். பக்கத்தில் தலையில் துண்டோடு என் வீட்டுக்காரர் குந்தியிருந்தார்.

"ஒரு பொட்டு ஈரம் இல்ல. வேணும்னா தொட்டுப் பாரு" என்றார் பெருமையாக. "அர மணிக்கு ஒரு தரம் பொரட்டிப் போட்டேன். நெல்லுன்னா காலால துழாவியிருப்பேன். இது ஒன்னோடதாச்சேன்னு கையாலதான் திருப்புனேன்."

பதினொன்று பொரித்த அப்பளமாகியிருந்தன. நான் வருஷாவருஷம் வெப்பத்தால் பொருள்கள் விரிவடைவதைப் பற்றிக் கரும்பலகை நிறைய எழுதிப்போடுகிறவள். "ஐயோ பாவி மனுஷா!" என்று ஆரம்பித்தேன். என்னென்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. "காஞ்சிருச்சான்னு கடிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டதுவரை நினைவிருக்கிறது. "இல்ல, மோந்துதான் பாத்தேன்" என்றார் அப்பாவியாக.

அப்போதுதான் களத்தின் மூலையைப் பார்த்தேன். அவருடைய நெல் நனைந்தது நனைந்தபடி குவியலாகக் கிடந்தது. வீட்டில் இருப்பது ஒரே தார்ப்பாய். இரண்டு நாள் மழைக்குப் பிறகு வந்த முதல் வெயில். இன்னும் ஒரு நாள் விட்டால் நெல் முளை கட்டிவிடும், கொள்முதல் நிலையத்தில் ஈரம் என்று திருப்பி அனுப்புவார்கள். இதெல்லாம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் நெல்லை ஓரங்கட்டிவிட்டு என் தட்டுகளுக்கு வெயில் கொடுத்திருக்கிறார் மனுஷன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நெல்லை அள்ளிப் பரப்பப் போனேன். பொழுது சாயும்வரை ரெண்டு பேரும் துழாவினோம்.

அந்த ஹோட்டல் தட்டு ஓரமாகக் கிடந்ததால் கொஞ்சம் தப்பியிருந்தது. தப்பியது என்றால், அப்பளமாக இல்லாமல் அலையலையாக இருந்தது. கடப்பாக்கல் இரண்டுக்கு நடுவில் அதை வைத்து, மேலே நெல் மூட்டை ஏற்றிப் பார்த்தார் வீட்டுக்காரர். இரண்டு நாளாகியும் ஒன்றும் நடக்கவில்லை. வீட்டில் போட்டுப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஒருவேளை ஒரே ஒரு தடவைதான் ஓடும் என்றால், அந்த ஒரு தடவை பெரியவர் முன்னால் ஓடட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டி மாதிரி மூடித் தூக்குகிற பிளேயரை மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் கூத்தாநல்லூர் போனோம். பன்னிரண்டு தட்டையும் பெரியவர் முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னேன். "நான்தாங்க காயவெச்சேன், அவங்க மேல தப்பில்ல" என்றார் வீட்டுக்காரர் இடையில் புகுந்து. பெரியவர் அப்பளங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். "பரவால்ல தம்பி, பரண்ல கெடந்து என்னாவப் போவுது" என்று சொன்னாரே தவிர, முகம் சரியில்லை.

"இதுல ஒங்க அண்ணன் குரல் இருந்துச்சுண்ணே" என்றேன். "இப்ப இருக்கான்னு தெரியல."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஊசி துள்ளாமல் இருக்க அதன் தலையில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டினேன். கடைசிப் பாட்டில் வைத்தேன். ஊசி மேடு பள்ளத்தில் ஏறி இறங்கிற்று. ஆர்கன் அழுதது, சாக்ஸபோன் குடித்தவன் மாதிரித் தள்ளாடியது. இரண்டு இடத்தில் தாவி முக்கால் பாட்டையே விழுங்கிவிட்டது. கைதட்டல் வந்தது.

"டேய், கால எடுடா!"

ஊசி ஒரு மேட்டில் ஏறி, சறுக்கி, வந்த வழியிலேயே விழுந்தது.

"டேய், கால எடுடா!"

மறுபடியும் ஏறியது, மறுபடியும் சறுக்கியது. "டேய், கால எடுடா! டேய், கால எடுடா!" பதறிப்போய் ஊசியைத் தூக்கக் கையை நீட்டினேன். வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணாலேயே பார் என்றார்.

பெரியவர் கண்ணை மூடியிருந்தார். கன்னமெல்லாம் ஈரம். எழுபது வயது மனிதர், நாற்காலியின் கையை இறுகப் பிடித்தபடி, இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.