பன்னிரண்டாவது குரல்

எனக்குப் பேய், பிசாசு, ஆவி எதிலும் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் முழுக்கதையையும் கேட்டுவிட்டு மேடத்துக்கு வயசாகிவிட்டது என்று நீங்கள் முடிவுகட்டிவிடுவீர்கள். இத்தனை வருஷமாக ரயில்வேயில் இன்ஜினியர். பாலம் கட்டியிருக்கிறேன், மண் சரிந்த லைன்களில் முழங்கால் சேற்றில் நின்றிருக்கிறேன். இப்போது ஏ.சி. அறையில் பெரிய நாற்காலி, நாள் முழுக்கக் கையெழுத்து. டெண்டர் கமிட்டியில் உட்கார்ந்து எழுந்தவளைப் பயமுறுத்த வேண்டுமென்றால் பேய் தனியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும்.

வேலை தவிர எனக்கு இன்னொரு பைத்தியம் உண்டு, சாரணியர் இயக்கம். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் சர்ச் மைதானத்தில் சனிக்கிழமை சனிக்கிழமை பெண் பிள்ளைகளைத் திரட்டி முடிச்சுப் போடவும் கூடாரம் அடிக்கவும் சொல்லிக்கொடுக்கிறேன். நடைப்பயணம் கூட்டிப் போனால் கிளம்பும்போதும் திரும்பும்போதும் வரிசையில் நிற்க வைத்து எண் சொல்லச் சொல்வோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொருத்தியும் தன் எண்ணைக் கத்த வேண்டும். கடைசி எண் வராமல் யாரும் நகரக் கூடாது. அடுத்தவர் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறோம் அல்லவா, அந்த எண் வரும்வரை நான் வேறு எதையும் கவனிக்க மாட்டேன்.

இந்தப் பழக்கத்தைத் தண்டவாளத்து ஆட்களிடமும் கொண்டுபோனேன். லைன் பிளாக் என்று சொல்வோம், சில மணி நேரம் ரயில்களை நிறுத்திவிட்டுத் தண்டவாளத்தில் வேலை செய்வது. வேலை முடிந்ததும் எல்லோரும் ஓரமாக வரிசையில் நின்று எண் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் ரயிலை விடலாம் என்று தகவல் போகும். முதலில் ஆட்கள் சிரித்தார்கள், ஸ்கூல் பிள்ளைகளா நாங்கள் என்றார்கள். அப்புறம் அவர்களுக்கே அது பிடித்துப்போய், யார் குரல் பெரிசு என்று போட்டியே நடந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு நாள். லிங்கராஜபுரத்துக்கு அப்பால் லைன் ஒரு பள்ளத்துக்குள் இறங்கிப் போகும், இரண்டு பக்கமும் உயரமான மண் கரை. அங்கே பிளாக். இப்போதிருக்கும் பதவிக்கு நான் அங்கே போக வேண்டியதே இல்லை. சைட் இன்ஜினியருக்குக் காய்ச்சல் என்றார்கள், எனக்கும் காலையிலிருந்தே அறையில் உட்கார முடியவில்லை, ஏன் என்று கேட்காதீர்கள், எழுந்து ஜன்னலுக்குப் போவதும் திரும்பி வந்து உட்காருவதுமாக இருந்தேன். கடைசியில் ஜீப்பை எடுக்கச் சொல்லிவிட்டேன்.

மத்தியானத்துக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு கொட்டியது. சாயங்காலம் மழை கொஞ்சம் விட்ட நேரத்தில் வேலை முடிந்தது. ஆட்களின் தலைவர், மேட் என்போம், ரங்கப்பா. கன்னடக்காரர், என்னோடு தமிழில் பேசுவார். விசில் ஊதி ஆட்களை வரிசையில் நிறுத்தினார். எண்ணுவது கன்னடத்தில்தான். ஒந்து, எரடு, மூரு என்று ஓடி வந்து கடைசி ஆள் யூசுப் "ஹன்னொந்து" என்றான், பதினொன்று. கொண்டுவந்தது பதினொரு பேர்தான். போனை எடுத்துக் காதில் வைக்கிறேன், அப்போது "ஹன்னெரடு" என்று ஒரு குரல்.

பன்னிரண்டு. ஆண் குரல், நிதானமான குரல், தன் முறை வந்தது, சொன்னேன் என்பதுபோல. நம்பினால் நம்புங்கள், யூசுப் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டான். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

"யாரு தமாஷ் பண்றது?" என்று நான் கத்தினேன். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

"மேடம், பக்கத்துல ஆள் நின்னாரு மேடம், நெஜமா" என்றான் யூசுப்.

மறுபடி எண்ணச் சொன்னேன். பதினொன்றோடு நின்றது. இன்னொரு தடவை. அப்போதும் பதினொன்றுதான். ரங்கப்பா என் பக்கத்தில் வந்து, "நம்ம ஆளுங்க எல்லாம் சரியா இருக்காங்க மேடம். மழை சத்தம், ஏதோ கேட்டிருக்கும். லைனை விட்டுடலாம்" என்றார். சொல்லும்போது அவர் கண் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குள், ரயில்களை விடுவதும் நிறுத்துவதுமான கன்ட்ரோல் அறையிலிருந்து போன். "மேடம், பின்னாடி ரெண்டு வண்டி நிக்குது. என்ன பிரச்சினை?"

"ஒரு ஆள் கணக்கு இடிக்குது."

"குறையுதா?"

"இல்ல, கூட இருக்கு."

"கூட இருந்தா என்ன மேடம், குறைஞ்சாத்தானே பிரச்சினை?" என்றான். நியாயமான கேள்விதான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். வண்டிகள் நின்றால் மறுநாள் மீட்டிங்கில் என் தலைதான் உருளும், "ஒரு குரல் கேட்டது சார்" என்று நான் எழுந்து நின்று சொல்ல முடியுமா? ஆனாலும் விடலாம் என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை.

காலையில் அதே இடத்தில் ஒரு கான்ட்ராக்டரின் ஆட்கள், தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போகும் தண்ணீர்க் குழாயில் சேறு வாரிக்கொண்டிருந்தார்கள், மழை பிடித்ததும் கிளம்பிவிட்டார்கள். அது ஞாபகம் வந்தது. அவர்களுடைய சூப்பர்வைசர் முருகேசனுக்குப் போன் போட்டேன்.

"எங்காளுங்க எல்லாம் அப்பவே டெம்போல ஏறிட்டாங்க மேடம்."

"எண்ணுனீங்களா?"

"டெம்போ ஃபுல்லா இருந்துச்சு மேடம்."

எனக்கு வந்த கோபத்தில் போனைத் தூக்கி அடித்திருப்பேன். "அந்தக் குழாயைப் பாருங்க" என்று கத்திக்கொண்டே ஓடினேன். குழாய் வாயே தெரியவில்லை, கரை சரிந்து அடைத்திருந்தது. ரங்கப்பா மண்வெட்டியால் வெட்டத் தொடங்கினார், அப்புறம் உள்ளே இருப்பவர் மேல் பட்டுவிடும் என்று எல்லோருமாகக் கையாலேயே தோண்டினோம். நானும்தான். முதலில் ஒரு ரப்பர் செருப்பு வந்தது, அதற்குப் பின்னால் கால்.

இழுத்து வெளியே போட்டோம். சின்ன வயசு, உதடு நீலம் பாய்ந்திருந்தது, ஆனால் மூச்சு இருந்தது. நான் அழுதுவிட்டேன், ஆட்கள் முன்னால் வெட்கமே இல்லாமல் அழுதேன். அவனை ஸ்ட்ரெச்சரில் ரோட்டுக்குத் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றினோம். குழாய்க்குள் அடைத்திருந்த தண்ணீர் பீறிட்டு ஓடியது. பன்னிரண்டாவது ஆள் கிடைத்துவிட்டான், கணக்குத் தீர்ந்தது. கன்ட்ரோலுக்குப் போன் பண்ணி, லைனை விடலாம் என்றேன். இரண்டு வண்டிகளும் எங்களைத் தாண்டிப் போயின.

இதோடு முடிந்திருந்தால், கர்த்தர் காப்பாற்றினார் என்று நான் இதைச் சர்ச்சில் சாட்சியாகவே சொல்லியிருப்பேன். முடியவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். பையன் பெயர் ரவீந்திரா, ஒடிசாக்காரன். சென்னையில் கட்டட வேலை செய்ததால் தமிழ் கொஞ்சம் வரும். பெங்களூருக்கு வந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. நான் யார் என்று நர்ஸ் சொன்னதும் எழப் பார்த்தான். படு என்று தோளை அழுத்தினேன்.

"நீதானே பன்னெண்டுன்னு குரல் குடுத்தே?" என்று கேட்டேன்.

"நான் இல்ல மேடம். வாய்ல மண்ணு. சத்தம் வர்ல" என்றான்.

"கன்னடத்துல ஹன்னெரடுன்னு கேட்டுதே?"

"கன்னடம் தெரியாது மேடம். அந்த அண்ணா சொன்னாரு."

"எந்த அண்ணா?"

"உள்ளே இருந்தாரு. எனக்கு அந்தப் பக்கம். இருட்டு, மூஞ்சி பாக்கல. என் கை புடிச்சுக்கிட்டே இருந்தாரு. நீங்க வெளியே எண்ணும்போது அவருதான் சத்தம் போட்டாரு." என் முகத்தைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். "அவரு நல்லா இருக்காரா மேடம்? அவரையும் எடுத்தீங்கல்ல?"

வராந்தாவுக்கு வந்து ரங்கப்பாவைக் கூப்பிட்டேன். மண் மூடிக் கிடந்த குழாயின் அடுத்த முனையையும் திறக்கச் சொன்னேன். நான் போய்ச் சேர்வதற்குள் திறந்துவிட்டார்கள். இந்த முனையிலிருந்து பார்த்தால் அந்த முனை தெரிந்தது, நடுவில் ஒன்றுமே இல்லை. ராத்திரி முழுக்க மழை கொட்டியிருந்தது. குழாய்த் தண்ணீர் போய் விழுவது ராஜகாலுவே என்கிற பெரிய மழைநீர்க் கால்வாயில், அதையும் ஆள் விட்டுத் தேடச் செய்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. போலீசில் காணவில்லை என்று எந்தப் புகாரும் இல்லை. ரவீந்திராவைத் தவிர எல்லோரும் இருக்கிறார்கள் மேடம் என்று முருகேசன் சத்தியம் செய்தான். டெம்போ ஃபுல்லாக இருந்தது என்று சொன்னதும் அவன்தான்.

மயக்கத்தில் இருந்த பையன் ஏதோ உளறுகிறான் என்று டாக்டர் சொன்னார். நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள், சொல்லுங்கள். ஆனால் பதினொரு பேரோடு நானும் என் காதால் அந்தக் குரலைக் கேட்டேன். அது பேயாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவேன். என்னைத் தூங்கவிடாதது வேறு. பன்னிரண்டு என்று சொன்ன அந்த மனிதர், வாய் திறக்க முடியாத அந்தப் பையனுக்காகச் சொன்னாரா, இல்லை தன் எண்ணைத்தான் சொன்னாரா? தன் எண் என்றால், நான் ஒருவனை இழுத்துப் போட்டுவிட்டு லைனை விட்டபோது, அவர் இன்னும் உள்ளேதான் இருந்திருக்கிறார்.